லயத்துக்கு வந்த ஆம்பிளிஃபயர்

“ஸ்டீரியோ பவர் ஆம்பிளிஃபயர் விற்பனைக்கு. எழுபதுகளில் வாங்கியது. பாவனை மிகக் குறைவு, புதிது போலவே உள்ளது.”

விளம்பரம் போடும் எல்லோரும் எழுதும் பொய்தான். இருந்தாலும் ஆசை விடவில்லை. இன்று காலை மலையகத்து ஹட்டனுக்குப் போனேன்.

விற்பவருக்கு ஐம்பது வயதிருக்கும். பெட்டியின் மேல்மூடியில் வட்டமாகப் பெயின்ட் போய், ஓரமெல்லாம் கறுத்திருந்தது. ஆளின் பொய்யைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“தம்பி, நல்லா சூடேறியிருக்கே. கல்யாணத்துக்கெல்லாம் வாடகைக்கு விட்டீங்களா?”

“இல்லண்ணே. இது ஒரு நாள்கூட பாடல. எங்க தேயிலத் தோட்டத்து வெள்ளக்கார தொரை சீமைக்குப் போறப்ப அவருகிட்ட அப்பா வாங்கினாரு. அந்த எலெக்‌ஷன்ல தொழிலாளிங்க லயத்து வீடுகளுக்கு கரண்ட் தாறோம்னு சொன்னாங்க. அத நம்பிட்டாரு.”

“கரண்ட் எப்ப வந்துச்சு?”

“நான் படிச்சு முடிச்சப்புறந்தான்.”

“அதுக்கப்புறமும் போட்டுப் பாக்கலையா?”

“ஸ்பீக்கர தொரை கையோட கொண்டுபோயிட்டாரே.”

“அப்ப இந்த வட்டம்?”

“மண்ணெண்ண குப்பி லாம்புண்ணே. இது மேல வச்சுத்தான் பத்து வருஷம் படிச்சேன். எண்ணெ வடிஞ்சு வடிஞ்சு பெயின்ட் போயிடுச்சு. ஒசரம் சரியா இருக்கும்.”

லிந்துலை லயத்தில் அதே விளக்கில் படித்தவன் நான். எனக்கே அந்த வட்டம் எதனால் வந்தது என்று தெரியவில்லை. பேரம் பேச வாய் வரவில்லை. கேட்டதைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மாலையில் ஸ்பீக்கர்களை இணைத்து, பிளக்கைச் செருகி, சுவிட்சில் கை வைத்தேன். ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது.

இன்னும் வரவில்லை. மெழுகுவர்த்தியை எதன் மேல் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன் என்று நீங்களே சொல்லுங்கள்.