அம்மாவின் மேல் பதிந்த பாட்டு

அப்பாவின் பழைய கேசட்டுகளைத் தம்பி டிஜிட்டலாக மாற்றி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தான். 'அப்பாவின் ரசனை' என்று தலைப்பு வேறு. அடையாறு பஸ்ஸில் எரிச்சலோடுதான் ஹெட்போனை மாட்டினேன். இரண்டு சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே மூன்றே வினாடி, செத்துப்போன அம்மாவின் குரல் வந்தது.

அந்தக் குரல் பதிவானபோது எனக்கு ஒன்பது வயது. தி.நகர் வீட்டில் அப்பாவின் டேப் ரெக்கார்டரை யாரும் தொடக் கூடாது. அவர் ஆபீஸ் போயிருந்த ஒரு மத்தியானம், "அந்தச் சிவப்புப் பட்டனை அழுத்துடி" என்றாள் அம்மா. வெங்காயம் நறுக்கிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே பாடினாள். திரும்பப் போட்டுக் கேட்டபோது வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் விரல்களில் வெங்காய வாசனை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அதைக் கேட்டுவிட்டார். "உன் கத்தலைப் பிடிக்கவா கேசட் வாங்கி வச்சிருக்கேன்?" என்று, எங்கள் கண்ணெதிரிலேயே ரேடியோவில் வந்த சினிமாப் பாட்டுகளை அதன்மேல் பதிவுசெய்தார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அவர் டேப்பைக் கொஞ்சம் ஓட்டிவிட்ட இடத்தில்தான் அந்த மூன்று வினாடி தப்பியிருக்க வேண்டும். முடியும்வரை அம்மா அடுக்களை வாசலில் நின்றாள். அப்புறம் சாகும்வரை அவள் பாடவேயில்லை. தொட்டிலில் கிடந்த தம்பிக்கு இதெல்லாம் தெரியாது. நான் அன்றைக்கு அப்பாவை வெறுக்கத் தொடங்கினேன். அவர் செத்த பிறகும் நிறுத்தவில்லை.

போன் அடித்தது. தம்பிதான்.

"அக்கா, பாட்டுக்கு நடுவுல யாரோ முனகுற மாதிரி கேக்குதில்ல? கட் பண்ணிடவா?"

"அது அம்மாடா. அதை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததையெல்லாம் அழி."

"அப்பா பாட்டையா?"

"ஆமாம்" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.