பிரேக்கம்மா பந்தயத்துக்குப் போகிறார்

கடைக்காரர் பிரேக்கம்மாவின் தலையில் மாட்டிவிட்ட விஆர் ஹெட்செட்டுக்குள் கார்ப் பந்தயம் தொடங்கிவிட்டது. மற்ற வண்டிகள் சீறிக்கொண்டு போய்விட்டன. அவர் மட்டும் புறப்படவில்லை. முதலில், இல்லாத பின்பார்வைக் கண்ணாடியைக் கையால் திருப்பிச் சரிசெய்தார். பிறகு, இல்லாத சீட் பெல்ட்டைத் தோளுக்கு மேலிருந்து இழுத்தார். அந்த முழங்கை கடைக்காரரின் விலாவில் இறங்கியது. இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு பிரேக்கம்மா வண்டியை நகர்த்தியபோது, முதலில் போன வண்டி ஒரு சுற்றை முடித்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடித்தது.

"எங்க போயிடப் போற? பொறு!" என்று அதை அதட்டினார்.

பத்தொன்பது வருடமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை. கற்றுக்கொள்பவரின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதிப்பதுதான் அவர் பிழைப்பு. பிரேக்கம்மா என்ற பெயரும் மாணவர்கள் வைத்ததுதான். தேர்வில் மூன்று தடவை கோட்டை விட்ட எனக்கு அந்த மிதி நன்றாகவே தெரியும். லிஃப்ட் இறங்கும்போதும் அவர் கால் தரையை அழுத்தும். பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் அதையும் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் சொந்தமாக அவரிடம் ஒரு வண்டி கிடையாது.

இந்த விளையாட்டு ஆசையை மூட்டிவிட்டது அவருடைய தங்கை. வேறு ஊரில் பல் மருத்துவர். வீட்டிலேயே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பந்தயம் ஓட்டுகிறாள். போன வாரம் போனில் அவள் சொன்னது, ஸ்பீக்கர் வழியாக என் காதிலும் விழுந்தது.

"உனக்குப் பக்கத்து சீட்ல உக்காந்து கத்தத்தான்க்கா தெரியும். ஓட்டத் தெரியாது. முடிஞ்சா நீயும் ஒண்ணு வாங்கி, ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வா!"

பிரேக்கம்மாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. போயும் போயும் ஒரு பல் பிடுங்குகிறவள் சொல்லிவிட்டாளே என்ற ஆத்திரம். அதில் பாதி உண்மை என்பதால் ஆத்திரம் இரட்டிப்பாகிவிட்டது. எப்படியாவது ஒரே ஒரு தடவை அவளை முந்திவிட வேண்டும். சனிக்கிழமையே என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

வயர் வைத்தது வேண்டவே வேண்டாம் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். "அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையைத் திருப்பறவ நான். வயரு கழுத்தைச் சுத்திக்கிட்டா யாரு பிரிச்சு விடறது?"

வயர் இல்லாதவற்றில் முதலாவதை மாட்டியதும் தலை முன்னால் கவிழ்ந்தது. "மூக்கு மேல செங்கல்லை வெச்ச மாதிரி இருக்கு." இரண்டாவது லேசுதான், ஆனால் மூக்குக்கண்ணாடியோடு உள்ளே நுழைய மறுத்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டலாமே என்று கடைக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். பிரேக்கம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா? அதை யாரு குடுத்தா?"

மூன்றாவதற்கு பேட்டரி பின்மண்டைப் பக்கம் இருந்ததால் முன்னும் பின்னும் பாரம் சமமாக நின்றது. கண்ணாடிக்கும் இடம் இருந்தது. தங்கையின் கருவியோடு சேர்ந்து விளையாடுமா என்று இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார். கடைக்காரரையே அதை மாட்டி, தலையை வேகமாக ஆட்டச் சொன்னார். அது வழுக்கி அவர் வாய் மேல் வந்து நின்றது.

"பட்டையை இறுக்காமலே கிளம்பிட்டீங்க. இதுக்கே ஃபெயில்," என்றார் பிரேக்கம்மா, பரம திருப்தியோடு.

"சார்ஜ் ரெண்டு மணி நேரந்தான் நிக்கும் மேடம்."

"அவளுக்கு அது அதிகம்."

மறுநாள் பத்து மணிக்கு, சோபாவை நகர்த்திய கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். டிவியைக் காப்பாற்றுவது என் பொறுப்பு. அவர் காணும் சாலை என் போனிலும் தெரிந்தது. ஆட்டத்தில் காலுக்கு வேலையே இல்லை. வேகமும் பிரேக்கும் கைவிரலில். ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கால் தரையை மிதித்தது, விரலும் கூடவே வேகத்தைக் குறைத்தது. முந்த வந்தவர்களுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிட்டார். தங்கையின் சிரிப்பு ஹெட்செட்டுக்கு வெளியேயும் கேட்டது. எனக்கே கோபம் வந்தது.

"என்னக்கா, வண்டியைத் தள்ளிக்கிட்டு வர்றியா?"

பிரேக்கம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசிச் சுற்றில் வேகம் கூடியது. ஒவ்வொரு வண்டியாகப் பின்னால் போனது. எல்லைக்கோட்டுக்கு முன்னால் கடைசி வளைவு. முன்னே தங்கையின் வண்டி மட்டும். அது சறுக்கிச் சுழன்று புல்லில் போய் நின்றது.

"ஐயோ, மாட்டிக்கிச்சு! நில்லுக்கா! நில்லேன்!"

பத்தொன்பது வருடப் பழக்கம். கால் தானாக எழும்பியது. மிதிக்கப்போகிறது என்று நான் கண்ணை மூடப்போனேன். அது அந்தரத்தில் ஒரு கணம் நின்றுவிட்டு, மெல்ல நாற்காலிக்கடியில் போய் மடங்கிக்கொண்டது. பிரேக்கம்மா இல்லாத ஜன்னலுக்கு வெளியே ஒரு கையை நீட்டி, தங்கை இருக்கும் திசையில் டாட்டா காட்டினார்.