புருஷன்மாரை வெளியே அனுப்பிய டாக்டர்

மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் சேதி வந்தது. என் மனைவி ஜமீலாவுக்கு மாதாமாதம் வாங்கும் இரண்டு மாத்திரைகளையும் எடுத்து வைத்துக்கொண்டே கடைக்காரர் கேட்டார்: "உங்க டாக்டரு தவறிட்டாராமே பாய். காலையில தூக்கத்துலயே உசுரு போயிடுச்சாம். உங்களுக்குச் சொல்லலையா?" எனக்கு யாரும் சொல்லவில்லை. மாத்திரையைப் பையில் போட்டேனா, கையிலேயே வைத்திருந்தேனா, நினைவில்லை. ரெட்டியார்பாளையத்தில் பஸ்ஸுக்கு நிற்காமல் வீடுவரைக்கும் நடந்தே வந்துவிட்டேன்.

வந்ததும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சாப்பிட மாட்டாள்; சாப்பிடாவிட்டால் மாத்திரையும் போட மாட்டாள். அந்த மாத்திரை ஒரு நாள்கூடத் தவறக்கூடாது என்பது டாக்டரின் கட்டளை. அவள் இட்லியைப் பிட்டு, சட்னியில் தொட்டு, மென்று, தண்ணீர் குடித்து, மாத்திரையை விழுங்குகிற வரைக்கும் நான் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். "என்னா, கட்டிப்போட்ட ஆடு மாதிரி சுத்திச் சுத்தி வரீங்க?" என்றாள். அப்புறம்தான் சொன்னேன். தட்டைக் கழுவப் போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

அது நடந்து இருபது நாளுக்கு மேல் ஆகிறது. எனக்கு இன்னும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு டாக்டர் அருள்நாதனைப் பற்றிச் சின்னப் புத்தகம் ஒன்று போடுகிறார்கள். அவரிடம் வைத்தியம் பார்த்தவர்களும் படித்தவர்களும் படிப்பார்கள், நீங்களும் ரெண்டு பக்கம் சொல்லுங்கள் என்று அவர் மகன் வீட்டுக்கே வந்து கேட்டார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். டாக்டரின் மகன் கிளம்பும்போது வாசலில் தயங்கி நின்று ஒன்று சொன்னார்: "அந்த டானிக் கதை மட்டும் வேணாம் பாய். அப்பா போயிட்டாரு. கடைசியில அவரு பண்ணுன தப்புதான் அச்சுல நிக்கணுமா?"

நல்ல பிள்ளை. தகப்பன் பேரைக் காப்பாற்ற நினைக்கிறது. நானும் சரி தம்பி என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்துதான் இருப்புக்கொள்ளவில்லை.

தெருமுனையில் கட்டியிருந்த பேனரை மருமகள் படித்துக் காட்டினாள். எம்.பி.பி.எஸ்., எம்.டி., அதற்கும் மேலே ஒரு பட்டம், வடக்கே சண்டிகரில் வாங்கியது. எல்லாம் சரிதான். ஏன் போனார் என்பது பேனரில் இல்லை. அவர் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கியவர். தம்பி பாரிசுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். இவரும் போயிருக்கலாம், அப்பாவுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் வழி திறந்தே இருந்தது. போகாமல், கல்யாணம் ஆகிக் கைக்குழந்தையும் வந்த பிறகு, முப்பது வயதுக்கு மேல், பாஷை தெரியாத ஊருக்கு ஹார்மோன் வைத்தியம் படிக்கப் போனார். அதற்குக் காரணம் நானும் ஜமீலாவும். அதை விட்டுவிட்டு அவர் படிப்பைப் பற்றி நான் வேறு என்ன சொல்ல?

நாற்பது வருடத்துக்கும் முந்திய சமாசாரம். எனக்கு மெத்தை தைக்கிற தொழில். ஜமீலாவுக்குப் பிறந்த ஊர் பரங்கிப்பேட்டை. தலைப்பிள்ளை என்பதால் ஏழாம் மாதமே தாய்வீட்டுக்குப் போனாள். பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழித்துத்தான் என்னிடம் திரும்பி வந்தாள். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள். பெண்கள் இருக்கும் அறையில் நடப்பது ஆண்கள் பக்கம் வருவதில்லை. நானும் கேட்கவில்லை.

வந்தவள் பழைய ஜமீலா இல்லை. முகம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் உட்கார்ந்துவிடுவாள். பேச்சு மெதுவாகிவிட்டது. பிள்ளைக்குப் பசும்பால் புகட்டினாள். ரத்தம் போன உடம்பு, அதனால்தான் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். மாதம் முழுக்க ஒரு நாளும் விடாமல் தொழுதாள். ரமலானில் முப்பது நோன்பையும் படுத்துக்கொண்டாவது பிடித்து முடித்தாள். பெண்களுக்கு மாதாமாதம் சில நாள் தொழுகை கிடையாது, நோன்பு கிடையாது. இவளுக்கு அந்த நாட்கள் வருவதே இல்லை என்று எனக்கு உறைக்கவில்லை. பிள்ளை பிறந்த பிறகு பயபக்தி கூடிவிட்டது என்று பெருமைப்பட்டேன். மற்ற நேரமெல்லாம் தூங்கி வழிந்தாள். என் அம்மா அவளுக்குச் சோம்பேறி என்று பேர் வைத்தாள். நானும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன். இந்த இடத்தில் மருமகள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எழுதும்மா என்றேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அருள்நாதன் அங்கே புதிதாக வந்திருந்த சின்ன டாக்டர். கூச்ச சுபாவம். ஜமீலா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். அவர் என்னைப் பார்த்துக் கேட்பார்.

"பசி எடுக்குதா?"

"எடுக்குது டாக்டர்."

"தூக்கம்?"

"அதுக்கென்ன குறைச்சல், நல்லாத் தூங்குறா."

"பிரசவத்துல ஏதாவது சிக்கலா?"

"ரத்தம் போச்சு. வேற ஒண்ணும் இல்ல."

எல்லாம் கூடவே இருந்து பார்த்தவன் மாதிரி பதில் சொல்வேன். அவர் ரத்தசோகை என்று இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுப்பார். இப்படியே மூன்று வருடம். டானிக் குடித்துக் குடித்து அவள் பல்லெல்லாம் கறுத்துப்போனது.

மூன்றாம் வருடம் மழைக்காலத்தில் வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல் வந்தது. எங்களுக்கு மூன்று நாளில் விட்டது. அவளுக்கு வாந்தி நிற்கவில்லை, நாடி அடங்கிப்போனது, தட்டினாலும் கண் திறக்கவில்லை. வார்டில் சேர்த்தோம். அருள்நாதன் கட்டிலையே சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. அன்றைக்கு மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வெளியூரிலிருந்து ஒரு பெரிய டாக்டரம்மா வந்திருந்தார். கட்டிலருகே நின்று ஜமீலாவின் முகத்தை, கையை, அக்குளைப் பார்த்தார். "வீட்டு ஆம்பளைங்க வெளிய இருங்க" என்றார். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். துணித் திரைதானே, எல்லாம் கேட்டது. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்திருந்த என் மாமியாரிடம் அந்த அம்மா கேட்டார்.

"கொழந்த பொறந்தப்புறம் இவங்களுக்குப் பால் வந்துச்சா?"

"ஒரு சொட்டு வரலைங்க. எங்க பெரிய மவதான் தன் புள்ளைக்கும் இவ புள்ளைக்கும் சேத்துக் குடுத்தா."

"அப்புறம் மாசாமாசம் தீட்டு?"

"அதுவும் அத்தோட நின்னுபோச்சும்மா."

"இத இங்க யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரு கேட்டா?" என்றாள் மாமியார்.

ரத்தம் அளவுக்கு மீறிப் போனதில், மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கிற ஒரு சுரப்பி செத்துவிட்டது என்று பிற்பாடு எனக்கு விளக்கினார்கள். பாலுக்கும் தீட்டுக்கும் உடம்புச் சூட்டுக்கும் தெம்புக்கும் உத்தரவு போடுகிற சுரப்பியாம். உத்தரவு போடுகிற ஆள் இல்லாமல் மூன்று வருடம் அந்த உடம்பு ஓடியிருக்கிறது. ஊசி போட்டார்கள். மறுநாள் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்தாள். கஞ்சியைத் தள்ளிவிட்டு, "வறுத்த மீன் இருக்கா?" என்று கேட்டாள்.

வராந்தாவில் அருள்நாதன் என் பக்கத்தில் வந்து நின்றார். "மூணு வருஷம் பாய். ஒரு தடவகூட நான் அவங்களக் கேக்கல. உங்களையே கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"நானும் சொல்லிக்கிட்டு இருந்தேனே டாக்டர்."

"ஆமா. நாம ரெண்டு பேரும் நல்லாப் பேசிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார். சிரிக்கவில்லை.

பத்து நாள் கழித்து வீட்டுக்கே வந்து ஜமீலாவிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் கறுத்த பல்லைக் காட்டினாள். "இதுக்கு ஏதாவது மருந்து இருக்கான்னு படிச்சிட்டு வாங்க டாக்டரு." சில வருடம் கழித்துச் சண்டிகருக்குப் போய்ப் பட்டம் வாங்கித் திரும்பிய முதல் வாரத்திலேயே வந்து நின்றார். "பல்லுக்கு மட்டும் ஒண்ணும் சொல்லித் தரலம்மா. மத்ததெல்லாம் படிச்சிட்டேன்" என்றார்.

விழுப்புரம் ரோட்டின் மேல் கிளினிக் வைத்தார். ஹார்மோன் என்றால் அன்றைக்கு ஊரில் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார்கள். முதல் இரண்டு மாதம் வந்ததெல்லாம் தலையில் துண்டு போட்டுக்கொண்டு, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைகிற ஆண்கள்தான். இவர் கழுத்தைத் தடவிப் பார்த்து, "தைராய்டு கொஞ்சம் வீங்கியிருக்கு" என்பார். "அது கெடக்கட்டும் டாக்டரு, நீங்க மொதல்ல கதவச் சாத்துங்க" என்பார்கள். நர்ஸ் மரி சிஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் பின்கட்டுக்கு ஓடுவார்.

பெண்கள் வரத் தொடங்கியதும் எனக்குச் சொல்லி அனுப்பினார். "பாய், ஒரு வேல இருக்கு. புருஷன்மார வெளிய கூட்டிட்டுப் போய் டீ வாங்கிக் குடுக்கணும்."

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே டாக்டர்."

"நீங்க புருஷனா இருந்த அனுபவம் போதும்."

பகலில் மெத்தை, சாயங்காலம் கிளினிக் என்று இருபத்தைந்து வருடம் ஓடியது. பாகூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயி எழுந்திருக்க மாட்டேன் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "என் பொண்டாட்டிக்கு என்னான்னு எனக்குத் தெரியாதா? நான் சொல்றேன், எழுதிக்குங்க." டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "சொல்லுங்க. உங்க பேருக்குத் தனியா ஒரு சீட்டுப் போடச் சொல்றேன். வைத்தியத்தையும் உங்களுக்கே பண்ணிடலாம்." முணுமுணுத்துக்கொண்டே என்னோடு வந்தார். இரண்டாவது டீயில்தான் கேட்டார்: "உள்ள அப்புடி என்னாதான் கேப்பாரு?"

"புள்ள பொறந்தப்ப பால் வந்துச்சான்னு கேப்பாரு."

அவர் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். "அது எனக்குத் தெரியாதே."

"எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு" என்றேன்.

டாக்டர் கேட்கிற விதத்தை மரி சிஸ்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு கேள்வி கேட்பார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அந்தப் பெண் தரையைப் பார்ப்பாள், வளையலைத் திருகுவாள். இவர் இன்னொரு கேள்வி போட்டு உதவி செய்யமாட்டார். அவரிடம் தொழில் பழக வந்து பக்கத்தில் நிற்கும் மருத்துவ மாணவர்கள் நெளிவார்கள். ஒருத்தர் ஒருநாள் மெல்ல, "நேரம் ஆகுது சார்" என்றாராம். "அவங்களுக்கு வருஷக்கணக்கா ஆயிடுச்சு. உனக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகட்டும்" என்றாராம் டாக்டர்.

வருடா வருடம் புதிதாகச் சேர்ந்த மாணவர்களை எங்கள் வீட்டுக்கு அழைத்து வருவார். ஜமீலாவின் முன்னால் நின்றே டானிக் கதையைச் சொல்வார். அவள் பல்லைக் காட்டுவாள், மாணவர்கள் சிரிப்பார்கள். அவர் முடிக்கும்போது சொல்வது எனக்கு மனப்பாடம்: "இந்த வியாதிய நான் புத்தகத்துல படிச்சு, பரிட்சையில எழுதி, பாஸ் பண்ணிட்டுத்தான் வேலைக்கு வந்தேன். தெரியாம விடல. கேக்காம விட்டேன்."

இதையெல்லாம் மறைக்கச் சொல்கிறார் டாக்டர் மகன், நானும் ஒத்துக்கொண்டுவிட்டேன் என்று போன வாரம் ஜமீலாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவரே வருஷா வருஷம் ஊரைக் கூட்டிச் சொன்னாரு. அவரு வாய மூடுனதும் நீங்க எதுக்கு மறைக்கிறீங்க? டானிக் குடிச்சவ நானு."

"அவரு பேரு கெட்டுடும்னு புள்ள பயப்படுது."

"அவரு பேரு கெடாது. அவருதான் வந்து மன்னிப்புக் கேட்டுட்டாரே. நீங்க உங்க பேருக்குப் பயப்படுறீங்க."

நான் எழுந்து தெருவுக்குப் போய்விட்டேன். உழவர்கரை வரைக்கும் நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் நடந்தேன். அவள் சொன்னது சரி. நாற்பது வருடமாக மாத்திரை வாங்கித் தருகிறேன். காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி இரட்டிப்பாகக் கொடுக்கிறேன். இருபத்தைந்து வருடம் அடுத்தவன் பெண்டாட்டி வாய் திறப்பதற்காக அடுத்தவனை வெளியே அழைத்துப்போனேன். என் வீட்டில் இருப்பவளை நான் கேட்டதே இல்லை.

அவர் மகனிடம் போய், "தம்பி, நான் சொல்லத்தான் போறேன்" என்றேன். "வீட்ல அம்மா சொன்னாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப சரி பாய்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்து, சாப்பாடும் ஆன பிறகு, அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். "அந்த மூணு வருஷம் உனக்கு எப்படி இருந்துச்சு ஜமீலா?" என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்து வளையலைத் திருகினாள். அப்போது எனக்கு என்ன தெரியும், டாக்டருக்கே தெரியவில்லையே என்று சொல்ல நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்துச் சொன்னாள்.

"குளிரும். சித்திர மாசத்துல நீங்க எல்லாரும் காத்துக்காக மாடிக்குப் போவீங்க, எனக்குக் கையும் காலும் வெறைக்கும். வீடு முழுக்கப் பஞ்சும் மெத்தையும். ஒண்ண எடுத்துப் போத்திக்கலாமான்னு பாப்பேன். பட்டப்பகல்ல இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துட்டா பாருன்னு சொல்லுவீங்களேன்னு வுட்டுடுவேன்."

டாக்டர் அருள்நாதனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒன்றுதான்: கேட்டுவிட்டு, சமாதானம் சொல்லாமல் சும்மா இருப்பது. அவருக்கு வந்த மாதிரி எனக்கு அது சுலபத்தில் வரவில்லை. கால் ஆடுகிறது, எழுந்து எங்காவது போய்விடத் தோன்றுகிறது. போகாமல் உட்கார்ந்திருக்கிறேன். மறுநாள் காலையில் மாத்திரை போட்ட பிறகு இன்னும் கொஞ்சம் சொன்னாள். நேற்றும் சொன்னாள். அவள் இன்னும் முடிக்கவில்லை.