வீரராகவன் ஊசியை விட்ட விதம்

வீரராகவன் இளைத்ததிலிருந்து எங்கள் குடியிருப்பில் யாராலும் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. பொதுத்துறை இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பெரிய அதிகாரி அவர். நோயை மறைத்து பாலிசி எடுத்தவர்களின் கோரிக்கைகளை நிராகரிப்பதுதான் ஆயுள் முழுக்க அவர் பார்த்த வேலை. மாற்றலாகிக் கொல்கத்தா நியூ டவுனுக்கு வந்த புதிதில், அவர் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பார்கள். ஒன்றரை வருடத்தில் ஆள் பாதியானார். பாதியானதும் உபதேசம் தொடங்கியது.

"வாயைக் கட்டினேன் சார், அவ்வளவுதான். மனுஷனுக்கு மனசுல திடம் வேணும்."

ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கிவிட்டுக் காப்பி குடிக்க உட்கார்ந்தால், இரண்டாவது வடை கேட்டவனை அவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, திருடனைப் பிடித்த ஏட்டு தோற்றுப் போவார்.

திடமெல்லாம் ஒரு பேனாவுக்குள் இருந்தது. பசியை அடக்க வாரம் ஒருமுறை வயிற்றில் குத்திக்கொள்ளும் ஊசிப் பேனா. அவருக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருந்ததால் டாக்டர் லாஹிரி என்ற அம்மையார் எழுதிக் கொடுத்தது. அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் பழுதான அன்று, அவர் மனைவி கல்பனா மாமி தோசை மாவோடு அந்தப் பேனாக்களையும் எங்கள் ஃப்ரிட்ஜில் கொண்டுவந்து வைத்தார். "உங்களுக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேண்டாம்" என்றார். வெளியூரில் பிழைப்பவர்களுக்கு இப்படி அடுத்த வீட்டு ரகசியம் ஒன்றாவது வந்து சேரும். நானும் வாயை மூடிக்கொண்டு, கூடவே கவலையையும் வாங்கிக்கொண்டேன். நம் ஆள் ஒருவர் இங்கே விழுந்தால் ஆம்புலன்ஸில் துணைக்கு ஏறுவதற்கு ஊரிலிருந்து யார் வரப் போகிறார்கள்?

மழை ஓய்ந்தால் கொல்கத்தாவில் எந்த வேலையும் நடக்காது. குழாய் ரிப்பேர்க்காரர் முதல் வங்கி மேனேஜர் வரை ஒரே பதில்: "பூஜோர் பொரே." துர்கா பூஜை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம். வந்த புதிதில் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டவர்தான் வீரராகவன். கடைசியில் இந்த ஊரிடமிருந்து அவர் கற்றுக்கொண்டதும் இது ஒன்றைத்தான்.

ஊசியை நிறுத்துவதென்றால் தன்னிடம் வந்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படிப்படியாகக் குறைக்க வேண்டும், சர்க்கரையைக் கவனிக்க வேண்டும், மற்ற மாத்திரைகளின் அளவும் மாறும். அதற்கான தேதியும் கொடுத்திருந்தார். மஹாளயம் நெருங்கியதும் இவர் மனைவியைக் கூப்பிட்டார்.

"டாக்டருக்குப் போன் பண்ணிடு. பூஜோவுக்கு அப்புறம் வரேன்னு."

"அப்போ ஊசி?"

"அதுவும் பூஜோவுக்கு அப்புறம்தான். எடைதான் எறங்கியாச்சே. ஊரே சாப்பிடறது, நான் மட்டும் நாலு வாய்ல எழுந்துக்கணுமா?"

"நீங்களா நிறுத்தப்படாதுன்னு அந்தம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாளே."

"டாக்டர்னா அப்படித்தான் சொல்லுவா. அவா கிளினிக் நடக்கணுமோல்லியோ?"

முதலில் ஒன்றும் ஆகவில்லை. மருந்து உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். அந்த இடைவெளியைத் தன் மனத்திடம் என்று எடுத்துக்கொண்டார். பிறகு பசி வந்தது. ஒன்றரை வருடம் வெளியே நிறுத்தி வைத்த பசி, வட்டியோடு வந்தது. வீட்டில் கொலுச் சுண்டல், பந்தலில் லூச்சிப் பூரியும் உருளைக்கிழங்குக் கறியும். அம்மன் சிலையை ஆற்றில் கரைத்த பிறகு, பிஜோயா என்று வீடு வீடாகப் போய் வாழ்த்துச் சொல்ல வேண்டும். போன வீட்டிலெல்லாம் சந்தேஷ் இனிப்பும் நாரு என்கிற தேங்காய் உருண்டையும் தட்டில் வரும். வாழ்த்துச் சொல்லும் கடமையில் வீரராகவன் வங்காளிகளையே தோற்கடித்தார். சிலருடைய பெயர்கூட அவருக்குத் தெரியாது.

மாமி விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். எண்ணைக் காட்டினார்.

"மெஷின் சரியில்லை. பேட்டரியை மாத்து."

"மாத்தினேன். இன்னும் ஏறிண்டுதான் இருக்கு."

"அப்போ மெஷினையே மாத்து."

பூஜையும் முடிந்தது, காளி பூஜையும் முடிந்தது. டாக்டரிடம் போனால் நிறுத்தியதைச் சொல்ல வேண்டும் என்பதால் அவர் போகவில்லை. ஒருநாள் லிஃப்டில் ஆறாம் மாடி சௌமேன் பாபு, அன்பு மிகுதியில், எல்லோருக்கும் கேட்கும்படி, "வீரா-தா, ஆபார் மோட்டா ஹொயே கேச்சேன்!" என்றார். மறுபடி குண்டாகிவிட்டீர்களே என்று. சர்க்கரை ஏறியபோது அசையாத மனிதர் இதற்கு அசைந்துவிட்டார். ரிப்பேராகி வந்திருந்த தன் வீட்டு ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த பேனாவை எடுத்து, நிறுத்துவதற்கு முன் போட்டுக்கொண்டிருந்த அதே முழு அளவைக் குத்திக்கொண்டார். இத்தனை வாரம் விட்டபின் அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது யாரைக் கேட்டாலும் தெரிந்திருக்கும். கேட்க வேண்டுமே.

அடுத்த நாள் முழுக்க வாந்தி. ஒரு வாய்த் தண்ணீர் தங்கவில்லை. அந்த நிலையிலும் கொதிப்பு மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார். மறுநாள் காலையில் குளியலறையில் விழுந்தார். மாமியின் குரல் கேட்டு ஓடினேன். நாக்கு உலர்ந்து, முகம் சாம்பலாக, அந்த நிலையிலும் அதிகாரம் பண்ணினார்.

"ஊசின்னு எவன்ட்டயும் மூச்சு விடப்படாது. ரோட்டோரத்துல தின்ன பூச்கா ஒத்துக்கலைன்னு சொல்லு."

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர், பையன் மாதிரி இருந்தார். என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டார். வீரராகவன் கண்ணைத் திறந்து, சர்க்கரை மாத்திரை, கொதிப்பு மாத்திரை, அவ்வளவுதான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் 'ஃபுட் பாய்ஸனிங்' என்று எழுதத் தொடங்கினார். சொல்லலாமா, நமக்கென்ன உரிமை என்று நான் தயங்கி நின்றேன். மாமி தயங்கவில்லை. கைப்பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்து, உடைந்த வங்காளத்தில் மஹாளயத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"கல்பனா!" என்றார் அவர்.

"சும்மா இருங்கோ. மானம் போனா போறது, நீங்க இருக்கணும்."

அதன் பிறகுதான் சிறுநீரகச் சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. கொதிப்பு மாத்திரையை நிறுத்தி டிரிப் ஏற்றினார்கள். சர்க்கரையையும் தனியாகக் கவனித்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அதே ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியிலும் நோயாளிகளைப் பார்க்கும் டாக்டர் லாஹிரி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்போதைக்கு ஊசி கிடையாது, உடம்பு தேறியதும் குறைந்த அளவில் ஆரம்பிக்கலாம் என்றார். விட வேண்டுமென்றால் விடலாம். ஆனால் மாதக்கணக்கில், அளவை இறக்கி இறக்கி, தசை கரையாமல் உடற்பயிற்சி செய்து, சோதனை பார்த்துக்கொண்டே. சிலருக்கு விடவே முடியாமலும் போகலாம்.

"எடை திரும்பினால் அது உங்கள் குணக்கேடு இல்லை மிஸ்டர் வீரராகவன். உடம்பு அப்படித்தான்."

வேறு யாராவது என்றால் ஆறுதலாக இருந்திருக்கும். இவர் முகம் தொங்கிப் போயிற்று. ஏறியது குணக்கேடு இல்லை என்றால், இறங்கியதும் குணம் இல்லையே.

சாயங்காலம் அவர் அலுவலகத்திலிருந்து பாலசுப்ரமணியன் என்பவர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். இவருக்குக் கீழே வேலை பார்ப்பவர். அவரும் சமீபத்தில் இளைத்தவர்தான்.

"என்ன சார், திடீர்னு?"

வீரராகவன் மனைவியைப் பார்த்தார். மாமி போர்வையை மடித்துக்கொண்டே அவரையே பார்த்தார். அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "எடைக்குப் போடற ஊசி. நானா நிறுத்தினேன், நானா ஆரம்பிச்சேன். அதான்."

பாலசுப்ரமணியன் ஹார்லிக்ஸைக் கீழே வைத்தார். வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"சார்... நானும் தீபாவளியோட நிறுத்திட்டேன் சார். இன்னிக்கி ராத்திரி மறுபடி போட்டுக்கலாம்னு இருந்தேன்."

மாமி போர்வையைப் போட்டுவிட்டு பாலசுப்ரமணியனின் கையைப் பிடித்தார்.

"மூணாவது மாடி. அந்த டாக்டர் இன்னும் கிளம்பலை. வாங்கோ, நானே கூட்டிண்டு போறேன்."