தோற்றவருக்கு எழுதிய வரி

வெர்லின் ஹாப்கஸ் முப்பத்தொரு வருஷம் எங்கள் ஊர் தானியக் கிடங்கில் எடைமேடை பார்த்தார். சோளம் ஏற்றிய லாரி மேடையில் ஏறி நிற்கும், அவர் சீட்டு எழுதிக் கொடுப்பார், விவசாயி அதைப் படிக்காமலே பைக்குள் திணித்துக்கொண்டு போவான். இந்த அயோவாப் பக்கத்தில் ஒரு மனுஷனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

அறுபது வயதில், அறுவடை மும்முரத்தில், ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் பாதம் மரத்தது. அடுத்த வாரம் முழங்கால்வரை ஏறிவிட்டது. எத்தனை நாளாக இப்படி என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள். வியாதியைப் பெரிதுபடுத்தினால் எங்கள் ஊர் ஆண்களுக்கு மானம் போய்விடும். "அது கெடக்கும்மா, பழசுதான், ஒரு மாசமா இருக்கு" என்றார். அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். ஊசி போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை.

அந்த ஒரு மாசம்தான் வழக்கைச் சாய்த்தது. நான் கோனி, அவருடைய வக்கீல் டுவேன் க்ராமிடம் குமாஸ்தா. ஊசியால் வந்த பாதிப்பு என்று நஷ்டஈடு கேட்டு நான்கு வருஷம் வாஷிங்டன் கோர்ட்டில் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினோம். ஊசிக்கு முன்பே நோய் இருந்தது, அன்றைக்கு எழுதிய குறிப்பைத்தான் நம்ப முடியும், பிற்பாடு சொன்ன சாட்சியத்தை அல்ல என்று தீர்ப்பு வந்தது. தன்னைப் பொய்யன் என்று சொன்னதாகவே வெர்லின் அதைப் படித்தார். எனக்கும் ஆத்திரம் வந்தது. இரண்டு நாளில் அதுவும் வடிந்து, உள்ளே ஒன்றுமே இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு வக்கீல் கட்டணத்துக்கு மனுப் போட வேண்டும். அதை அரசாங்க நிதியே கொடுக்கும், தோற்றாலும் கொடுக்கும். அதற்கு வெர்லினின் கையெழுத்து வேண்டும், வழக்குக்காகத் தன் கையிலிருந்து எதுவும் செலவழிக்கவில்லை என்று. தாளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இந்த நான்கு வருஷத்தில் மரப்பு கைகளுக்கும் ஏறியிருந்தது. சமையலறை மேஜையில் கைகளை வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய்யன் கையெழுத்து செல்லுமா கோனி?"

"அப்படி யாரும் சொல்லலையே, வெர்லின்."

"முப்பது பக்கத்துல சொல்லியிருக்காங்க. டுவேனுக்கு மட்டும் பணமாக்கும்?"

"சும்மா குடுத்திட மாட்டாங்க. நீங்க நேர்மையா, நியாயமான காரணத்தோடதான் வந்தீங்கன்னு ஜட்ஜுக்குப் படணும். அப்பதான் குடுப்பாங்க."

அவர் தலையை நிமிர்த்தினார். "அதை எழுத்துல குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க."

பேனா இரண்டு தடவை நழுவியது. விரல்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை. மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு போட்டு முடித்தார்.

நான்கு மாதம் வாரா வாரம் போன் பண்ணினார். கட்டணம் எவ்வளவு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "எழுதிட்டாங்களா?" என்பதோடு சரி.

மார்ச்சில் உத்தரவு வந்தது. டுவேன் கேட்டதில் கொஞ்சம் வெட்டியிருந்தார்கள், நான் வேலை பார்த்த மணிக்கணக்கிலும்தான். அதையெல்லாம் தாண்டிப் போய் அந்த வரியைத் தேடி, போனில் படித்துக் காட்டினேன். மனுதாரர் நல்லெண்ணத்துடனும் நியாயமான அடிப்படையுடனும் இந்த வழக்கைத் தொடுத்தார்.

"திரும்பப் படி."

படித்தேன்.

"இது எனக்குன்னு எழுதினதா, எல்லாருக்கும் எழுதறதா?"

ஆமாம், உங்களுக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். எடைச்சீட்டு எழுதிய மனுஷனிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இதே வார்த்தையை நெறையப் பேருக்கு எழுதுவாங்க வெர்லின். தோத்தவங்களுக்கு மட்டும். ஜெயிச்சவங்களுக்கு இந்த வரி தேவைப்படாது."

 

"நெறையப் பேரா?" என்றார். "பொய் சொல்லாம தோத்தவங்க?"

"ஆமா."

"சரி" என்றார். "அந்தத் தாள்ல ஒரு நகல் அனுப்பு. கிடங்குல ஒட்டச் சொல்றேன்."