சுண்ணாம்பால் கீறிய கிளித்தட்டு

எனக்கு எழுத்து அரைகுறை. மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கிளித்தட்டு விளையாட்டுக்குக் கோடு கீற வேணுமென்றால் கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் என் வாசலில்தான் வந்து நிற்பார்கள். நூல் பிடித்த மாதிரி இருக்கும் என் கோடு. இப்போதும் கண்ணை மூடினால் அந்த வெள்ளைக் கோடுகள் தண்ணீரில் மிதப்பதுபோல ஆடி ஆடி வருகின்றன.

யப்பான்காரனின் விமானம் வரப்போகிறது என்று பெரியவர்கள் பயந்திருந்த காலம். வீடுகளின் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. எங்களுக்கோ அது வெறும் தவக்காலம். விளையாடுவதில்லை என்று நாற்பது நாள் நேர்ந்திருந்தோம். பெரிய சனிக்கிழமை பகல் கோயில் மணி அடித்தது, நேர்த்தி முடிந்தது. மழைக்கு அழியாமல் இருக்கட்டுமே என்று, வீட்டுக்கு வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பை எடுத்து ஒழுங்கை நீளத்துக்குத் தட்டுக் கீறினேன்.

மாமா வந்து பார்த்தார்.

"அடியே, ஆகாயத்தில இருந்து பார்த்தால் இது பளிச்செண்டு தெரியுமெல்லோ? நானும் ஆட்டத்துக்கு வரட்டோ எண்டு யப்பான்காரன் இறங்கப் போறான்!"

அவருக்கு அது பகிடி. எனக்கு அன்றிரவுச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆண்டவர் உயிர்த்த பாஸ்குப் பெருநாள். காலையிலேயே விமானங்கள் வந்துவிட்டன.

அப்பாவும் எதிர்வீட்டு மேரியின் அப்பாவும் துறைமுகத்தில் ஒரே படகில் மூட்டை இறக்குகிறவர்கள். பெருநாளென்றும் பாராமல் விடியவே சேர்ந்து போயிருந்தார்கள். வீடு அதிர அதிர, கட்டிலுக்குக் கீழே அம்மா செபமாலை சொன்னார். யப்பான்காரனைக் கூப்பிட்டது நான்தான் என்று செபத்துக்கு நடுவே மனசுக்குள் சொன்னேன்.

சத்தம் அடங்கியதும் தேங்காய்த் தும்பை எடுத்துக்கொண்டு ஒழுங்கைக்கு ஓடினேன். தேய்த்தேன், தேய்த்தேன். என் கோடல்லவா, லேசில் போகுமா?

பகல் திரும்பும் நேரம் அப்பா தனியாக நடந்து வந்தார். உடம்பெல்லாம் கரி எண்ணெய்.

"என்ன மகள் செய்யிறாய்?"

"அழிக்கிறன். இதைப் பார்த்துத்தான் அவங்கள் வந்தவங்கள். மாமா சொன்னவர்."

அப்பா என் கையிலிருந்து தும்பை வாங்கினார். அதற்குள் மேரி ஓடி வந்தாள்.

"அங்கிள், அப்பா பின்னுக்கு வாறாரோ?"

அப்பா எதிர்வீட்டைப் பார்த்தார். கதவு பூட்டிக் கிடந்தது. மேரியின் தாய் கோயிலுக்குப் போய் இன்னும் வரவில்லை. அப்பா குனிந்து எங்கள் வாசலில் கிடந்த சுண்ணாம்பு வாளியை எடுத்தார். நான் அழித்த இடமெல்லாம் திரும்பக் கீறினார், கோணல் மாணலாக.

"வாங்கோ பிள்ளையள். நான் கிளி."

ஒழுங்கைப் பிள்ளைகளெல்லாம் வந்து சேர்ந்தார்கள். பெரிய ஆள் ஒருவர் எங்களோடு ஆடியது அன்றைக்குத்தான். வெயில் மஞ்சளாக விழுந்திருந்தது. வானத்தில் புகை மெல்ல அசைந்தது. அப்பா நடுக்கோட்டில் ஓடி ஓடி எங்களையெல்லாம் தொட்டார். தொட்ட கையைச் சட்டென்று எடுக்கவும் மாட்டார். கடைசித் தட்டில் மேரியை எட்டினார். முதுகுவரை போன கை அப்படியே இறங்கிவிட்டது. மேரி வெளியே பாய்ந்து "பழம்!" என்று கத்தினாள். தட்டெல்லாம் தாண்டினவள்தானே பழம்.

"அளாப்பல்! கள்ள ஆட்டம்! அப்பா அளாப்புறார்!" என்றேன் நான்.

"ஓம் மகள், அளாப்பினனான்" என்றார் அப்பா. "இன்னொருக்கா ஆடுவம்."

இன்னொருக்காவும் மேரிதான் பழம். அதற்கடுத்த ஆட்டமும் அப்படியே. கோடு கீறினவள் நான், பழம் அவளா? மூன்றாம் ஆட்டம் முடிய மேரியின் தாய் முக்காட்டோடு வந்து கதவைத் திறந்தார். அப்பா மறுபடியும் "இன்னொருக்கா" என்றார். எனக்கு ரோசம் பொங்கியது.

"காணும்! எல்லாரும் வீட்டுக்குப் போங்கோ!"

ஆட்டத்தை முடித்து வைத்தவள் நான்தான். பழம், பழம் என்று பாடிக்கொண்டே மேரி தன் வீட்டுக்குள் ஓடினாள். அப்பா கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார். பிறகு மெல்ல அவள் பின்னால் நடந்தார்.

தோற்றவர் ஏன் வென்றவளின் வீட்டுக்குப் போகிறார் என்று, கோடுகளுக்கு நடுவில் நின்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.