நாங்கள் அடைத்த மூன்று துளைகள்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் இல்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டு நாலைந்து பேர் கார்டு போட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துப் போட்டேன், அவ்வளவுதான். இந்த வாரம் எப்படியும் எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகள் மீனாவுக்குப் பன்னிரண்டு வயது. கோடை லீவில் சேலத்தில் என் நாத்தனார் வீட்டு வீடியோவில் ஒரு இங்கிலீஷ் படம் பார்த்தாள். ஏதோ ஒரு கிரகம். அங்கே ஒரு கதவு. கதவருகே ஒரு காவலன் — தலை முதல் கால் வரை சாம்பல் நிறக் கவசம். பேசமாட்டான். அசையமாட்டான். மொத்தமாக நான்கு நிமிஷம் வந்தால் அதிகம்.

பள்ளிக்கூட ஆண்டு விழா மாறுவேடப் போட்டிக்கு அவன்தான் வேண்டும் என்றாள்.

"ஏங் கண்ணு, ராணி வேஷம் போட்டுக்கயேன். பட்டுப்பாவாடை சும்மாதான கெடக்குது?"

"ராணி எப்படி இருந்தாங்கன்னு யாருக்குங்கம்மா தெரியும்? இவன் எப்படி இருக்கறான்னு படத்துலயே இருக்குது. தப்பாச் செஞ்சா தெரிஞ்சு போயிருமில்லீங்க?"

நான் கணக்கு டீச்சர். இந்தப் பதில் எனக்குப் பிடித்துத் தொலைத்தது. தப்பு தெரிந்துவிடக்கூடிய வேலையைத் தேடிப் போகிற பிள்ளையை எந்தக் கணக்கு டீச்சரால் தடுக்க முடியும்?

மறுபடி சேலம் போனோம். அத்தை வீட்டில் கேசட்டை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். நிறுத்தினால் படம் நடுங்கும், குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும். அந்த நடுக்கத்தின்மேல் டிரேசிங் பேப்பரை ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைவாள். ஜன்னல் சாத்திய அறையில் அந்த நீல வெளிச்சம் அவள் நெற்றியிலும் கன்னத்திலும் ஊறிக்கிடக்கும். அவள் என் மகளாக இல்லாமல் எங்கேயோ தூரத்தில் இருக்கிற யாரோ போல இருப்பாள். கூப்பிட மனசு வராமல் வாசற்படியிலேயே நின்றுவிடுவேன்.

நோட்டில் சட்டம் எழுதினாள். எட்ட நின்று பார்த்தால் சரியாக இருக்க வேண்டும். கிட்ட வந்து பார்த்தால் சரியாக இருக்க வேண்டும். படத்தை நிறுத்தி வைத்துப் பார்த்தாலும் சரியாக இருக்க வேண்டும். படத்தில் இல்லாத எதுவும் கவசத்தில் இருக்கக் கூடாது.

செய்தது என் தம்பி செல்வராசு. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான். மிச்சம் கிடந்த அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டி வளைத்தான்.

"தோள்ல எத்தனை ரிவெட்டு சாமி?"

"ஏழுங்க மாமா."

"ஆறு அடிச்சா எவன் எண்ணப் போறான்?"

"நான் எண்ணுவனுங்க மாமா."

"லாரி ஓனருங்களே தேவலையாட்ட இருக்குது! செரி, முதுகுல 'ஹாரன் அடிக்கவும்'னு எழுதி உட்டரட்டுமா?"

மூன்று நாள் அவள் மாமாவுடன் பேசவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் கவசம் வீட்டுக்கு வந்தது. கூடத்தில் நிறுத்திவைத்தோம். அப்பா! நானும் மீனாவும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அப்போதுதான் பார்த்தாள் — தலைக்கவசத்தின் தாடைக்குக் கீழே மூன்று துளைகள். பல்பம் நுழைகிற அளவு.

"மாமா தப்பா ஓட்டை போட்டுட்டாருங்கம்மா. படத்துல இல்ல."

டிரேசிங் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். இல்லைதான். செல்வராசு வேலையில் எப்போதும் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும் என்று அக்காவாக ஒரு அலுப்பு வேறு. பட்டறைக்குப் போய் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கீறல் விழுந்தால் பூசிக்கொள்ள அவனே ஒரு டப்பாவில் பட்டி கொடுத்து அனுப்பியிருந்தான். பெயிண்ட் அடிக்கும் முன் பள்ளத்தை மூடுகிற பசை. நான் குழைத்தேன். அவள் அடைத்தாள். தேய்த்து, பெயிண்ட் அடித்தோம். துளை இருந்த இடமே தெரியவில்லை.

மறுநாள் கழுத்தில் தோல் தெரிகிறது என்று சுற்றிலும் கறுப்பு ஸ்பாஞ்சைத் திணிக்கச் சொன்னாள். திணித்தேன். தலைக்கவசத்தின் பின்பக்கம் நான்கு திருகாணி. ஆடாமல் நிற்கட்டும் என்று நன்றாக இறுக்கினேன். முகத்தை மூடிய கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் தெரியவில்லை.

"செரியா இருக்குதா கண்ணு?"

சரி என்று தலை ஆடியது.

பிற்பகல் மூன்று மணி. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட நீள ஹால். வரிசையில் அவள் பதினேழாவது. ஒரு டாக்டர், மூன்று கிருஷ்ணர்கள், ஒரு கீரைக்காரி எல்லாம் வந்து போனார்கள். பிறகு அவள்.

ஹால் அமைதியாகிவிட்டது. மேல் ஜன்னலில் இருந்து வெயில் சாய்ந்து மேடையில் விழுந்தது. அந்த வெயிலில் சாம்பல் நிறம் மெல்ல வெள்ளியாக மாறியது. நடந்து வந்து நடுவில் நின்றாள். நின்றாள்... நின்றுகொண்டே இருந்தாள். தூசு மட்டும் அவளைச் சுற்றி மினுங்கி மிதந்தது. இந்த ஊர், இந்த வெக்கை, வெளியே லாரிச் சத்தம் எல்லாம் எங்கோ போய்விட்டது. பூமியில் இல்லாத ஒரு கதவை அவள் காத்து நிற்பதாகவே எனக்குத் தோன்றியது.

"பாருங்க, அசையவே மாட்டேங்குது!" என்றார் மைக்கில் ஒரு வாத்தியார். கைதட்டல் கூரையைத் தொட்டது.

நானும் தட்டினேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை — நானும் தட்டினேன்.

முன்வரிசையில் என் பக்கத்தில் இருந்த செல்வராசு என் முழங்கையைப் பிடித்தான். "அக்கா, தாடைக்குக் கீழ அந்த மூணு ஓட்டை எங்க?"

"தப்பா உழுந்துருச்சுன்னு அடைச்சுட்டோம்டா."

"தப்பாவா? அடியில ஓட்டை உடாம நான் ஒரு பாடி கட்டியிருக்கறனா? வண்டிக்கு மழத்தண்ணி எறங்கறதுக்கு உடுவோம். இது புள்ளைக்கு மூச்சுக்கு உட்டது, அக்கா!"

சொல்லும்போதே ஓடினான். அவன் மேடையில் ஏறுவதற்குள் அவள் முழங்கால் மடிந்தது. அவசரமே இல்லாமல், தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி. கைதட்டல் நிற்கவில்லை. அதுவும் நடிப்பு என்று நினைத்துவிட்டார்கள்.

சட்டைப்பையில் இருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தான். ஒரு திருகாணி. இரண்டு. மூன்றாவது நகரவில்லை. நன்றாக இறுக்கியது யார்? அவன் தகட்டைக் கையாலேயே பிய்த்தான். உள்ளங்கை கிழிந்து ரத்தம் சாம்பல் பெயிண்டில் வழிந்தது. தலைக்கவசம் கழன்று வந்துவிட்டது. உள்ளே என் மகளின் முகம் சிவந்து, நனைந்து, யாரையும் பார்க்காமல் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒருமுறை இருமினாள். பிறகு மூச்சு விட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு மணி நேரம் படுக்கவைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, கூட்டிப் போங்கள் என்றார். முதல் பரிசை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். தத்ரூபமாக நின்றதற்காம்!

இனி இந்தப் பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளே கேட்டாள்.

"அம்மா, படத்துல அதைப் போட்டுக்கிட்டு நின்னவருக்கும் மூக்கு இருந்திருக்குமில்லீங்க?"

"இருந்திருக்கும்."

"அப்ப அவருக்கும் எங்கியாச்சும் ஓட்டை உட்டிருப்பாங்க. கேமரா பாக்காத எடத்துல. மாமா செஞ்சதுதானுங்கம்மா கரெக்ட்டு. நாமதான் தப்பு."

அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

முந்தாநாள் சேலம் போனபோது அந்தக் கேசட்டைப் போடச் சொன்னேன். காவலன் வரும் இடத்தில் நிறுத்தவில்லை, ஓடவிட்டேன். ரிவெட்டை எண்ணவில்லை. மார்புத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உற்றுப் பார்த்தால் தெரிகிறது... அவன் அசையாமல் இல்லை. மிக லேசாக ஏறி இறங்குகிறது.

உள்ளே இருப்பது யாரோ பெற்ற பிள்ளை.